குறட்டை விடாத எருமைகள்

என் செவலைப் பசு மூச்சு விட்டாலே கர்ர்ரென்று குறட்டை கேட்கும். மூக்கில் சளி ஒழுகிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்த வெள்ளைச்சாமி மாமா குளத்தங்கரையில் நாலு பேர் முன்னால் தீர்ப்புச் சொன்னார்.

"இது சீக்கு மாடு வனிதா. இனிமே குளத்துல எறங்கக் கூடாது. பேசாம கறிக்குத் தள்ளிவிட்டுரு."

புருஷன் போன பிறகு எனக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மாடுதான் சோறு போடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அவருக்கு எதிராக யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அந்த நல்ல பழக்கம் வரவே இல்லை.

கறம்பக்குடியிலிருந்து மாட்டு டாக்டர் இனியாவை அழைத்து வந்தேன். சளியை எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்:

"மூக்கு ரத்தக்குழாய்ல தட்டைப்புழு இருக்குங்க. அதோட முட்டை சளி வழியா தண்ணில விழும். குஞ்சு குளத்து நத்தைக்குள்ள வளந்து, மறுபடி தண்ணிக்கு வந்து மாட்டுத் தோல்ல ஏறிரும். இதைப் பெருசா யாரும் ஆராயறதே இல்ல. ஊசி போட்டுப் பாக்கலாம், விக்காதீங்க."

"எம்மாட்டுக்கு எங்கேருந்துங்க வந்துச்சு?"

"குளத்துல எறங்குற எந்த மாட்டுலேருந்தும் வந்திருக்கலாம். எருமைக்குப் புழு இருந்தாலும் பெரும்பாலும் குறட்டை வராது."

பகலெல்லாம் குளத்தில் ஊறிக் கிடப்பவை வெள்ளைச்சாமி மாமாவின் எருமைகள். டாக்டரோடு நேரே குளத்தங்கரைக்குப் போனேன். மாமா அங்கேதான் நின்றார்.

"ஒங்க எருமைக்கும் சளி பாக்கணும் மாமா."

"எம் எருமை என்ன குறட்டையா விடுது? பொம்பளைக்கு இம்புட்டுத் திமிரு ஆகாது!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அந்தப் புழுவால் நமக்கும் அரிப்பு வரும் என்று டாக்டர் கத்தினார். வந்தால் சொறிந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்ற எருமையின் மூக்கை வழித்துச் சளியை டாக்டரின் கண்ணாடித் தகட்டில் தடவிக் கொடுத்தேன்.

சாயங்காலம் டாக்டரே கரைக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எருமைச் சளியிலும் அதே முட்டைதான்.

"இருந்துட்டுப் போகுது. அதுக்கு இப்ப என்ன?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. சீக்கு மாடு எறங்கக் கூடாதுன்னா ஒங்களுதும் எறங்கக் கூடாது. ஓட்டிக்கிட்டுப் போயி ஊசி போடுங்க. கறிக்குத் தள்ளச் சொல்ல மாட்டேன், எனக்கு மனசு இருக்கு."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எருமைகளைக் கரையேற்ற அவரே தண்ணீரில் இறங்கினார்.