கிட்டத்து ஆள்

புதுக்குடியிருப்பில் ஆங்கிலப் படிவம் என்றால் நிறஞ்சனா ரீச்சரிடம்தான் சனம் வரும். ரியூசன் முடிகிற நேரம் வாசலில் யாராவது நிற்பார்கள், ஒருவர் விசாவுக்கு, ஒருவர் வங்கிக்கு. 'நெக்ஸ்ட் ஒஃப் கின்' என்ற இடம் வந்ததும், "உங்கட கிட்டத்துச் சொந்தம் ஆர்?" என்று கேட்பாள். யாரும் அதற்கு யோசித்ததில்லை. மனிசி, அம்மா, மூத்தவன் என்று வாயில் இருந்த பேர் உடனே வரும்.

நாற்பத்து நாலு வயதில் அவளுடைய கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் வெட்டு. அங்கே கொடுத்த படிவத்திலும் அதே 'நெக்ஸ்ட் ஒஃப் கின்' இடம். அப்பாவும் அம்மாவும் கடைசி யுத்தத்தோடு போய்விட்டார்கள். கலியாணம் என்று ஒன்று நடக்கவில்லை. கனடாவில் இருக்கிற தம்பி அனிஸ்ரனுக்குப் போன் எடுத்தாள்.

"என்ர பேரைப் போடக்கா, இதையும் கேக்கிறியோ?" என்றான். பின்னால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கத்திக்கொண்டு வெளிக்கிட்டார்கள். "வேலைக்குப் பிந்துது, பிறகு எடுக்கிறன்."

வெள்ளிக்கிழமை இரத்தம் சோதிக்கப் போனபோது தாதி மிஸி படிவத்தைப் பார்த்தாள்.

"இது எந்த ஊர் நம்பர்?"

"கனடா, மிஸி. தம்பி."

"அந்தரம் ஆபத்தெண்டால் ஒரு மணித்தியாலத்தில வரக்கூடிய ஆளைப் போடுங்கோ ரீச்சர்." மிஸி அனிஸ்ரனுடைய பேரைக் குறுக்கே கீறிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். அவள் மேல் பிழையில்லை. ஆனாலும் அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டுதான் பரந்தன் வரைக்கும் பஸ்ஸில் வந்தாள் நிறஞ்சனா.

வீட்டுக்கு வந்து, விடை தெரியாத வாத்தியார் செய்கிற வேலையைச் செய்தாள். அலுமாரியில் இருந்து பெரிய அகராதியை இறக்கினாள். ஆங்கிலத்தில் பழைய நாளில் 'கிட்ட' என்பதற்கு 'நை' என்று ஒரு சொல் இருந்ததாம். அதைவிடக் கிட்ட என்றால் 'நியர்'. எல்லாவற்றிலும் கிட்ட என்றால் 'நெக்ஸ்ட்'. காலம் போகப் போக 'நியர்' வெறும் கிட்டவாகத் தேய்ந்துவிட்டது. 'நெக்ஸ்ட்' வரிசையில் அடுத்தது என்று ஆகிவிட்டது. அதன் பழைய பொருள் 'நெக்ஸ்ட் ஒஃப் கின்' போலச் சில இடங்களில்தான் மிஞ்சிக் கிடந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு 'நெக்ஸ்ட் என்றால் அடுத்தது' என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

சில தாள்கள் முன்னால் புரட்டினாள். 'நெய்பர்' என்ற சொல்லுக்குள்ளும் அதே 'நை'தான். கிட்டக் குடியிருக்கிற ஆள்.

வேலிக்கு அந்தப் பக்கம் விமலேஸ்வரியும் புருசன் ஐயாத்துரையும். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து குளத்துத் தண்ணி பாயிற காணிக்கு வந்து வயல் செய்கிற குடும்பம். அவர்களுடைய மாடு ஒருநாள் புகுந்து கத்தரிக்கன்றெல்லாம் தின்றபோது, "மாடு கட்டத் தெரியாதவைக்கு மாடென்னத்துக்கு?" என்று கேட்டவள் நிறஞ்சனா. இரண்டு வருடமாகத் தலையசைப்போடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்களுடைய படலையைத் திறந்து போனாள். விமலேஸ்வரி வைக்கோல் அள்ளிக்கொண்டு நின்றாள்.

"ஆசுப்பத்திரிக்கு ஒரு ஆளின்ர பேர் வேணும் அக்கா. உங்கட பேரைப் போடட்டோ?"

விமலேஸ்வரி சாறியில் கையைத் துடைத்தாள். "என்ன செய்யோணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஏதும் எண்டால் போன் எடுப்பினம்."

"போடுங்கோ. ஆனா இப்ப வயலில நெல்லு அருவிவெட்டு ரீச்சர், நான் வந்து நிக்கமாட்டன்."

"தெரியும்."

திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு தனியத்தான் போய்ப் படுத்தாள். வெட்டு நல்லபடி முடிந்தது. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவிக்கு ஐந்து பேர் சுற்றி நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நிறஞ்சனா சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தாள், தையல் விடவில்லை. மேலே சுற்றுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அனிஸ்ரன் 'ஓகேயா அக்கா?' என்று எழுதியிருந்தான்.

புதன் பின்னேரம் விமலேஸ்வரி வந்தாள், தலைமயிரில் வைக்கோல் தூசியோடு. போத்தலில் கஞ்சி. கட்டில் நுனியில் இருந்து நிறஞ்சனா குடித்து முடியும்வரை பார்த்தாள். கால்மணித்தியாலத்தில், "பஸ் போயிடும்," என்று எழும்பினாள்.

"பேர் போட்டால் வராமல் இருக்கேலுமே?" என்றாள், யாரோ குற்றம் சொன்ன மாதிரி.

வீடு வந்து ஒரு கிழமை வேலிக்கு மேலால் சோறு வந்தது. பிறகு நின்றுவிட்டது. காயம் ஆறிவிட்டது, அவர்களுக்கு நெல்லுக் காயப்போடுகிற வேலை. அதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டுக்குள் பழைய அமைதி திரும்பி வந்தபோது, முன்பு பழகிப்போயிருந்த அதை இப்போது அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை ரியூசன் முடிய, புத்தகங்களை வைத்துவிட்டு நேரே அவர்கள் குசினி வாசலுக்குப் போனாள். விமலேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ரீச்சர், என்ன அலுவல்?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா வந்தனான்."

விமலேஸ்வரி அவளை ஒருகணம் உற்றுப் பார்த்தாள். பிறகு காலால் பலகையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அப்ப இருங்கோ."