ஒற்றை வண்ணத்துப்பூச்சி மீன்

ஜப்பானின் தெற்குக் கோடியில், எங்கள் இஷிகாகித் தீவில் வண்ணத்துப்பூச்சி மீனை ஒற்றையாகப் பிடிப்பவனை மீன்பிடிக்காரன் என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டியாக ஒரே பவளத்தைச் சுற்றிக் குடித்தனம் நடத்தும் மீன் அது. பிடித்தால் இரண்டையும் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். முப்பது வருடம் அப்படித்தான் பிடித்தேன். நான் குச்சியால் விரட்டுவேன், என் மனைவி நோபு வலையோடு காத்திருப்பாள்.

நோபு போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. போன திங்கட்கிழமை தனியாகவே கடலில் இறங்கினேன். குச்சியும் என்னிடம், வலையும் என்னிடம். ஒன்று வலையில் விழுந்தது, மற்றது பவளத்துக்குள் நழுவிவிட்டது. விழுந்ததையும் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வீம்பு பிடித்தவன், விடவில்லை.

வளர்ப்புத் தொட்டிகளுக்கு மீன் வாங்கும் சுமிகோ வந்து என் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தொமோரி அண்ணே, பாதிய மட்டும் கொண்டாந்திருக்கீங்க? தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவீங்க?"

உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டுத் தொட்டியில் விட்ட மீன் எதையும் தின்னவில்லை. உயிருள்ள பவளத்தைக் கொத்தியே வளர்ந்த வாய், தூவுகிற தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சிப்பிச் சதையை அரைத்து, செத்த பவளக் கல்லின் துளைகளில் அப்பி வைத்தேன். தண்ணீரை மாற்றினேன். ஒளிந்துகொள்ள உடைந்த ஜாடி வைத்தேன். அது மூலையை விட்டு அசையவில்லை. நான்காம் நாள் வயிறு ஒட்டி, முதுகு கத்தியாகிவிட்டது. இன்னும் ஒரு நாள் தாங்காது, பாவி நான்தான் கொல்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

வாளியில் போட்டுக்கொண்டு அதே பவளத்துக்குப் போனேன். ஜோடி காத்திருக்கும், சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பு. ஜோடி அங்கேதான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்று நீந்திக்கொண்டிருந்தது. என் மீன் நெருங்கியதும் இரண்டும் முதுகு முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு துரத்தின.

"நாலு நாளு பொறுக்க முடியலையா ஒனக்கு?" என்று கத்தினேன். காற்றுக்குழாயைக் கடித்திருந்த வாயிலிருந்து குமிழிதான் வந்தது.

என் மீன் பத்தடி தள்ளி இன்னொரு பவளத்தடியில் ஒதுங்கியது. சாகத்தான் போகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பவளத்தை ஒரு கொத்து கொத்தியது. பிறகு இன்னொரு கொத்து. முதுகில் கட்டியிருந்த உருளையின் காற்று தீரும்வரை அது தின்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக, ஒரு ஆளுக்கு மட்டும்.