பில் மெஷினுக்குக் காய்ச்சல்

தொற்று பரவிய இரண்டாவது மாதத்தில், பெரிய கடையில் புதிதாக வாங்கி வைத்த, ஆளில்லாமல் தானே பில் போடும் மெஷினுக்குக் காய்ச்சல் வந்தது. சூடாகிவிட்டதென்று முதலில் ஃபேனைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். மெஷின் இருமியது. நனைந்த பில் ஒன்று தும்மலோடு வந்து விழுந்த பிறகுதான் மேனேஜர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் நாக்கு எங்கே என்று தேடிவிட்டு, தொற்றுதான், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார்.

மெஷினுக்கு நோய் நொடி கிடையாது என்று சொல்லித்தான், பல வருஷமாக பில் போட்டுக்கொண்டிருந்தவளைக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கணவன் பஸ் கண்டக்டர். தானே டிக்கெட் கொடுக்கும் மெஷின் வந்ததில் அவனும் வீட்டில்தான். சண்டை போடக்கூட விஷயம் தீர்ந்துபோயிருந்த வேளையில் போன் வந்தது.

"உடனே கிளம்பி வாம்மா. உடம்புக்கு முடியல, கூட இருந்து பாத்துக்கணும்."

"ஐயோ, யாருக்கு சார்?"

"மெஷினுக்கு."

சம்பளம் பழையதில் பாதி. "ஒட்டிக்கப் போகுது, மாஸ்க் போட்டுக்க," என்றான் கணவன்.

பிளக்கைப் பிடுங்கிவிடும் எண்ணத்தோடுதான் போனாள். ஆனால் அது அனலாய்க் கொதித்தபடி, "பொருளை எடுக்கவும், பொருளை எடுக்கவும்" என்று பிதற்றிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து திரையில் போட்டாள். காய்ச்சலோடு தான் நின்று பில் போட்ட நாட்களில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட யாரும் நீட்டியதில்லை என்பது நினைவுக்கு வர, துணியைக் கொஞ்சம் அழுத்தியே போட்டாள். மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருந்தது, முழு ஓய்வும் கிடைத்தது. அது தேறும்வரை பில்லையும் நீயே போட்டுவிடு என்றார் மேனேஜர், அதே பாதிச் சம்பளத்துக்கு.

பிறகு பேங்கில், சினிமா தியேட்டரில், பஸ்ஸில் என்று ஊரிலுள்ள மெஷின்களெல்லாம் வரிசையாகப் படுத்தன. வேலை போனவர்கள் எல்லாருக்கும் அழைப்பு வந்தது. கண்டக்டருக்கும் வந்தது, வாந்தியெடுக்கும் டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அவன் டிக்கெட் கிழித்தான். மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்று பயமுறுத்தியவர்கள் இப்போது எங்கே என்று மேயர் மேடையில் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. எல்லாரும் டியூட்டியில் இருந்தார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் மெஷினைத்தான் விசாரித்தார்கள். சிலர் பழம் கொண்டுவந்தார்கள். அவள் இருமலை அடக்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை நீட்டியபடி சொல்லுவாள்:

"இப்பத்தான் கண் அசந்துச்சு. சத்தம் போடாம பையை எடுத்துட்டுப் போங்க."

அவர்களும் மெதுவாக எடுத்துக்கொண்டு போனார்கள்.