கொரீனுக்கு எடுத்த கோல்

ஹார்லன் தனக்கு ஒருத்தி கிடைத்திருக்கிறாள் என்பதை ஏப்ரல் மாதமே லவானிடம் சொல்லியிருக்கலாம். ஏப்ரலில் அவன் அவள் கடையில் இரண்டு மணி நேரம் இருந்தான். அவன் பல் பளிச்சென்று இருந்ததைக்கூட அவள் கவனித்தாள். முப்பது வருடம் காப்பியும் புகையிலையும் கண்ட பல், திடீரென்று வெளுத்திருக்கிறதே, தனக்காகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தாள். பாவம், நினைப்புக்கு என்ன வரியா போடுகிறார்கள்.

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், அல்கோமா துறைமுகத்தில், படகில் ஆள் ஏற்றிக்கொண்டுபோய் சால்மன் பிடித்துக்கொடுத்துப் பிழைப்பவர்களில் பாதிப் பேர் லவானின் கடைக்குத்தான் வருவார்கள். தூண்டில் கோல் எடுக்கிற விஷயத்தில் அந்தக் கரையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மற்றவர்கள் அவள் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஹார்லன் மட்டும் ஒவ்வொரு கோலையும் வளைத்துப் பார்ப்பான். அவன் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் நுனியிலிருந்து தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு கடையின் மறுகோடி வரை நடந்து, அங்கே குனிந்து, கோல் அரைவட்டமாக வளைகிற வரை இழுப்பாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, போதும் என்று தலையாட்டுவார்கள். அவன் மனைவி இறந்து பத்து வருடம். லவானின் புருஷன் அரிசோனாவுக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டு, கடையை இவள் தலையில் கட்டிப் பன்னிரண்டு வருடம். ஒன்பது ஏப்ரலாக ஹார்லனும் லவானும் இப்படித் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வருடம், பத்தாவது ஏப்ரலில், அவன் வாயைத் திறந்து கேட்டுவிடுவான் என்று அவள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தாள்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

கடையில் ஓசிக் காப்பி குடிக்கவென்றே தினமும் வருகிற மெர்ல் கிழவர்தான் ஜன்னல் வழியாக முதலில் பார்த்தார்.

"ஏ லவான், உன் ஆளு வர்றான்டி. தனியா வரல. கூட ஒரு ஆளும் வருது."

"யாரு, படகுல வந்த கிராக்கியா?"

"கிராக்கி கையையெல்லாம் புடிச்சுக்கிட்டா நடப்பான்?" என்று சொல்லிவிட்டு மெர்ல் கிளம்பிவிட்டார். கிளம்புகிறபோது இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

ஹார்லன் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான். பின்னால் வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொரீன் என்று பெயர். கிரீன் பே நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிற வேலை. அந்த ஒரு தகவலிலேயே லவானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏப்ரல் மாதத்துப் பளபளப்பு யார் கைங்கரியம் என்று தெரிந்ததும், அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"சனிக்கிழமை பொம்பளைங்க மீன்பிடிப் பந்தயத்துல கொரீன் நம்ம படகுல நிக்கப் போறா," என்றான் ஹார்லன். "சொந்தமா ஒரு ராடு வேணுமாம். டவுன்ரிகருக்கு. நீயே பாத்து எடுத்துக் குடு."

"வளைச்சுப் பாத்துருவோமா?" என்று லவான் கேட்டாள். கேட்டபோது குரல் கொஞ்சம் இளகித்தான் இருந்தது.

"எதுக்கு? நீ எடுத்தா நான் பாக்கவே வேணாம். படகுக்கு டீசல் போட்டுட்டு வந்துர்றேன்."

போய்விட்டான். ஒன்பது வருடத் தலையாட்டல் அவனுக்கு அவ்வளவுதான்.

டவுன்ரிகர் என்பது பெரிய விஷயமில்லை. ஐந்து கிலோ எடையில் ஒரு குண்டு, அதைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்கும் ஒரு உருளை. தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்கு மேலே ஒரு கவ்வியில் மாட்டிவிட்டால் இரை, மீன் இருக்கிற ஆழத்திலேயே ஓடும். படகு ஓடுகிற நேரமெல்லாம் கோல் வில்லாக வளைந்து தண்ணீரைப் பார்த்துக் குனிந்தே நிற்கும். மீன் கடித்ததும் கவ்வி நரம்பை விட்டுவிடும். அப்போது நரம்பு தொய்யாமல், வளைந்த கோல் தானாக நிமிர்ந்து தொய்வை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கோல் மெத்தென்று, அடிவரை வளைகிறதாக இருக்க வேண்டும். விறைப்பான கோல் என்றால் அது முதலில் வளைந்தே இருக்காது. நிமிர என்ன இருக்கிறது? நரம்பு தொய்யும், மீன் கொக்கியைத் துப்பிவிட்டுப் போய்விடும்.

லவானின் சுவரில் இரண்டு கோல்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஒன்பதடி, ஒரே கரும்பச்சை. ஒன்று டவுன்ரிகருக்கு. மற்றது, தண்ணீருக்குள் முங்கி ஓடுகிற கனத்த தட்டை இழுப்பதற்கு. இரும்பு மாதிரி விறைப்பு. அடியில் எழுதியிருக்கிற பொடி எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். லவானுக்குப் படிக்கவே வேண்டாம்.

அவள் கை சரியான கோலின் மேல்தான் போனது. இதைச் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கொரீன் வாயைத் திறந்தாள்.

"ஹார்லன் எப்பவும் உங்களப் பத்தித்தான் பேச்சு, லவான். நீங்க அவருக்குக் கூடப்பொறந்த அக்கா மாதிரின்னு சொல்லிட்டே இருப்பாரு."

லவான் ஹார்லனைவிட இரண்டு வயது சின்னவள்.

கை பக்கத்து ஆணிக்கு நகர்ந்தது. "இதை எடுத்துக்கங்கம்மா," என்றாள். "உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

கொரீன் அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். "வளைச்சுப் பாக்கணும்னு ஹார்லன் சொல்லுவாரே? நான் வேணா அடியைப் புடிச்சுக்கவா?"

"அதெல்லாம் பழைய ராடுக்கு. இதுக்குத் தேவையில்ல."

அந்த அடியை இன்னொருத்தி பிடிப்பதை அவளால் பார்க்க முடியாது. அது மட்டும் முடியாது.

பெண்கள் பந்தயத்துக்கு அல்கோமாவில் ஒரு சட்டம் உண்டு. படகில் ஆண் இருக்கலாம், ஆனால் சுக்கானை மட்டும்தான் தொடலாம். குண்டை இறக்குவது, நரம்பை மாட்டுவது, மீனை இழுப்பது, வலையில் அள்ளுவது எல்லாம் பெண்கள். ஆண் கோலைத் தொட்டால் அந்த மீன் கணக்கில் வராது. அதனால், திரும்பினால் கை தானாகக் கோலுக்குப் போய்விடும் என்று, படகு முதலாளிகள் அன்று முழுக்க முன்பக்கம் பார்த்துக்கொண்டு, பின்னால் நடப்பதைக் காதால் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஹார்லன் திரும்பி ஒரு நிமிடம் அந்தக் கோலைப் பார்த்திருந்தால், குனிய வேண்டியது குத்திட்டு நிற்கிறதே என்று கண்டுபிடித்திருப்பான். திரும்பமாட்டான் என்பது லவானுக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவள் கடையில் படகு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ் விற்றாள். ஏழரை மணிக்குப் பக்கத்துப் படகுக்காரன் ஒருவன் ரேடியோவில் சிரித்தான். "ஹார்லன், உன் வீட்டம்மா ஒண்ணை விட்டுட்டாங்க போல!" எட்டேகாலுக்கு இன்னொன்று போனது. பத்து மணிக்கு மூன்றாவது. அது பெரிய சால்மன், படகின் ஓரம் வரை வந்து, எல்லாரும் பார்க்க, வாயைக் கிழித்துக்கொண்டு போனது. விறைத்த கோல் அப்படித்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் லவானின் நெஞ்சு படபடத்தது. பயமா, சந்தோஷமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

மதியம் படகுத்துறையில் பெரிய கொப்பரையில் பூயா கொதித்துக்கொண்டிருந்தது. கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறியும் போட்ட சூப்பு. அது இல்லாமல் அந்த ஊரில் எந்தப் பந்தயமும் கிடையாது. ஊரே கிண்ணமும் கரண்டியுமாக நிற்கிறபோது ஹார்லனின் படகு வந்து சேர்ந்தது. கடைசி இடம். அவன் கயிற்றைக் கட்டும்போதே கத்த ஆரம்பித்துவிட்டான்.

"களை புடுங்குற மாதிரியா புடுங்குவ? எத்தன தடவ சொன்னேன், சும்மா நில்லு, ராடு பாத்துக்கும்னு!"

"ராடு ஒண்ணுமே பாத்துக்கலையே, ஹார்லன்!"

"ராடச் சொல்லாத! லவான் எடுத்த ராடுல குத்தம் வராது. குத்தம் உன் கையில இருக்கு!"

கரண்டிகள் எல்லாம் பாதியில் நின்றன. கடை வாசலில் நின்ற லவானுக்கு அந்த வார்த்தை தேனாக இறங்கியது. ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னானே! அன்று அவள் பூயா இரண்டு கிண்ணம் குடித்தாள். மூன்றாவதும் குடித்திருப்பாள், கொப்பரை காலியாகிவிட்டது.

திங்கட்கிழமை கொரீன் கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோலைக் கல்லா மேஜை மேல் வைத்தாள்.

"இதைக் கைத்திறம் இருக்கிற யாருக்காவது குடுத்துருங்க, லவான். காசெல்லாம் வேணாம். நான் ஊருக்குப் போறேன்."

"எப்ப வருவீங்க?"

"வரல. அவருக்கு மீன் புடிக்கத் தெரிஞ்ச ஒருத்தி வேணும். நேத்து முழுக்க ரெண்டு பேரும் பேசிக்கல." மூக்கை உறிஞ்சினாள். "பல்லு சுத்தம் பண்றப்போ என் கை ஒரு நாளும் நடுங்கினதில்ல. அந்தக் கடைசி மீனு வர்றப்போதான் நடுங்குச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு எப்படிப் போச்சுன்னே தெரியல. அவர் சொன்ன மாதிரிதான் நின்னேன்."

இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும். இவள் காரில் ஏறிப் போய்விடுவாள். பத்தாவது ஏப்ரல் மறுபடி லவானுடையது.

வாசல் வரை போன கொரீன் திரும்பினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. அவர் உங்க மேல வச்சிருக்கிற நம்பிக்கைல பாதி என் மேல வச்சிருந்தாப் போதும், நான் வேற எதுவும் கேட்டிருக்க மாட்டேன்."

போய்விட்டாள். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

இத்தனை வருடத்தில் லவானைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அது இனிக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மேஜை மேல் அந்தக் கோல் கிடந்தது. ஹார்லனிடமிருந்து அவளுக்கென்று கிடைத்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் தானே கெடுத்துவிட்டு, கெட்டுப்போனதை வைத்துக்கொண்டு இனி எத்தனை வருடம் குடித்தனம் நடத்துவது? அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. கடையைப் பூட்டினாள். கோலை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள்.

வழியெல்லாம் அவள் பதிலைத் தயார் செய்துகொண்டே போனாள். அவன் ஏன் என்று கேட்பான். கேட்காமல் இருக்க முடியாது. கேட்டதும் சொல்லிவிட வேண்டியதுதான்: உன் மேல ஆசைப்பட்டேன்டா மடையா, ஒன்பது வருஷமா. அப்புறம் அவன் அடித்தாலும் சரி, துப்பினாலும் சரி. கேவலப்பட்டாவது ஒரு தடவை அவன் காதில் போட்டுவிட வேண்டும். யோசித்துப் பார்த்தால் அதற்குத்தான் அவள் இவ்வளவு வேகமாக நடந்தாள்.

ஹார்லன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போய் இருந்தது.

"அடியைப் புடி," என்றாள் லவான்.

"இப்ப எதுக்கு?"

"புடின்னா புடி."

அவன் பிடித்தான். அவள் நரம்பை இழுத்துக்கொண்டு படகுத்துறைப் பலகையில் இருபதடி நடந்து, குனிந்து இழுத்தாள். கோலின் நுனி மட்டும் கொஞ்சம் சாய்ந்தது. மற்றது அசையவில்லை. ஹார்லன் கோலைப் பார்த்தான், அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்தான்.

"இது தட்டு இழுக்கிற ராடாச்சே."

"ஆமா."

"மாத்தி எடுத்துட்டியா?"

"மாத்தி எடுக்கல. தெரிஞ்சேதான் எடுத்துக் குடுத்தேன்."

சொல்லிவிட்டாள். நரம்பை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். தொண்டைக்குழியில் பதில் ரெடியாக இருந்தது.

ஹார்லன் மெதுவாகக் கேட்டான். "அப்போ, அவ கையில குத்தமில்லையா?"

"இல்ல."

"மூணு மீனும்?"

"மூணும் ராடாலதான் போச்சு. நீயே நின்னிருந்தாலும் போயிருக்கும்."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை லவான் கண்ணால் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அட ஆண்டவனே! ஊரே பாக்க அவளப் போயி… நான் ஒரு மாடு, லவான், மாடு! எங்க அவ? கிளம்பிட்டாளா?"

"பத்து நிமிஷம் இருக்கும். கிரீன் பே ரோட்டுல போயிருப்பா."

அவன் கோலைப் பலகையில் போட்டான். தண்ணீர்க் குழாயை மூடக்கூட இல்லை. ரப்பர் பூட்ஸோடு படகுத்துறை அதிர ஓடினான். வண்டிக் கதவைத் திறந்தவன் நின்றான், திரும்பினான். லவான் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"லவான்! அவளுக்கு நல்ல ராடா ஒண்ணு எடுத்து வையி! நீயே பாத்து எடு, நான் பாக்க வேணாம்!"

வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. லவான் குனிந்து தண்ணீர்க் குழாயை மூடினாள். ஏன் செய்தாய் என்று அவன் கேட்கவே இல்லை.