அட்டிகை உருகிய விதம்

குருபிரசாத் அழுவான் என்று அவன் அக்கா ஸ்ரீரஞ்சனிக்கு முன்பே தெரியும். சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் கண்ணீர் கைவசம். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தால், அப்பா வாயைத் திறப்பதற்குள் அழுதுவிடுவான். அப்புறம் யார் என்ன கேட்பது?

அன்று அம்மா சூடாமணியின் முதல் வருஷத் திதி. அடையாறில் குருவின் ஃப்ளாட்டில் நடந்தது. நந்தனத்தில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஸ்ரீரஞ்சனி, லீவு போட்டுவிட்டு மயிலாப்பூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தன் கெம்புக்கல் அட்டிகை ஸ்ரீரஞ்சனியின் மகள் அனன்யாவுக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள். "லாக்கர்ல பத்திரமா இருக்குக்கா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் குருவும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாப்பாடான பிறகு, சமையலறையில் அவன் மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு மறைக்கத் தெரியவில்லை.

"அட்டிகையா? அதை அப்பவே தி. நகர்ல குடுத்து மெல்ட் பண்ணியாச்சேக்கா. கையில போட்டுண்டிருக்காரே பிரேஸ்லெட், அதான். உங்ககிட்ட சொல்லலையா?"

"கல்லெல்லாம்?"

"கல்லு ஒண்ணும் பெறாதுன்னு கடையிலேயே விட்டுட்டு வந்துட்டார்."

ஸ்ரீரஞ்சனிக்குக் கோபம்கூட வரவில்லை. சாம்பாரில் கரப்பான் மிதப்பதைப் பார்த்தால் வருமே, அதுதான் வந்தது.

கூடத்தில் குரு டிவியில் வீடியோ காலைப் போட்டு, வெளியூர் உறவுக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்திருந்தான். அம்மாவின் பெரிய போட்டோ பக்கத்தில் நின்றுகொண்டான். போட்டோவில் அம்மா கழுத்தில் அதே அட்டிகை.

"அம்மா முகத்தைப் பார்த்தாலே எனக்கு மனசு மெல்ட் ஆயிடறது" என்று குரல் தழுதழுக்கக் கண்ணைத் துடைத்தான். துடைத்த கையில் பிரேஸ்லெட் தடியாக மின்னியது. திரையில் இரண்டு அத்தைகள் மூக்கை உறிஞ்சினார்கள். "அக்கா, நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்."

ஸ்ரீரஞ்சனி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். மெல்ட்ங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. மனசு இளகறது ஒண்ணு. அதைக் குரு சொல்லிட்டான். நெருப்புல போட்டு உருக்கறது இன்னொண்ணு. அது அவன் கையில இருக்கு. போட்டோவில அம்மா கழுத்தையும் பாருங்கோ, அவன் கையையும் பாருங்கோ."

குரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

திரையில் கஸ்தூரிரங்கன் மாமா மெதுவாகக் கேட்டார். "ஏண்டா குரு, அனன்யாவுக்குன்னு சொன்னாளே, அதுவா?"

குருவுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. மாமாதான் முதலில் திரையிலிருந்து போனார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள்.

ஸ்ரீரஞ்சனி கிளம்பியதும், குரு லிஃப்ட்வரை பின்னாலேயே ஓடிவந்து, பிரேஸ்லெட்டைக் கழற்றி நீட்டினான். "கோச்சுக்காதேக்கா. அனன்யாகிட்ட குடுத்துடு."

"நீயே போட்டுக்கோ. என் பொண்ணு கையில உன் வேர்வை ஒட்ட வேண்டாம்."

லிஃப்ட் கதவு மூடியது. கீழே வந்து ஆட்டோ பிடித்தாள். மந்தைவெளி தாண்டுவதற்குள் குரு மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டு, கபாலி கோவில் குளத்துப் பக்கம் இறக்கிவிடச் சொன்னாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட அனன்யா, "மாமா பாவம்மா" என்றாள்.

"அந்த வார்த்தையை வேற யாருக்காவது வெச்சுக்கோடி" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரஞ்சனி தலை முழுகப் போனாள்.