இழையில் ஒரு மூச்சு

கொஞ்சம் தள்ளிப் படேன், கண்ணே. அம்மாவுக்கு இன்னும் நாலு சுரம்தான் பாக்கி. அந்தக் காலை மட்டும் எடுத்துக்கொள். முடித்துவிடுகிறேன், அப்புறம் எப்படி வேண்டுமானாலும் படுத்துக்கொள்.

வயிற்றுக்குள் இருந்த கால் நகரவில்லை. எஸ்தெலாவின் மூச்சு தீர்ந்தது. குழலின் கடைசி ஒலி வெறும் காற்றாகக் கரைந்துபோனது. அவள் குழலை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். இசையமைப்பாளர் நார்சிசோ, அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே இடம்," என்றார்.

"அதே இடம்தான், குயா."

அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இசைக்கல்லூரி முழுக்க அவரை அண்ணன் முறை வைத்து 'குயா சிசோ' என்றுதான் கூப்பிடும். நேருக்கு நேர் யாரையும் கடிந்துகொள்ளத் தெரியாதவர். அவருடைய மரியாதைதான் எஸ்தெலாவுக்கு அதிகம் வலித்தது.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. கீழே அடுமனை, மேலே அவள் பாடம் நடத்தும் அறை. கணவன் ரூபென் ஒரு தட்டு நிறைய சூடான பான் தெ சால் ரொட்டியோடு வந்தான். தட்டை வைத்துவிட்டு வாய் கிழியக் கொட்டாவி விட்டான்.

நார்சிசோவுக்கு முகம் மலர்ந்தது. "என்னடா, உன்னைத் தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டா குயா. தூங்கிட்டு இருந்தவனை வேணும்னே தாண்டிப் போனா. பிள்ளைத்தாச்சி தாண்டினா மசக்கை புருஷனுக்குப் போயிரும்னு சொல்வாங்களே, அப்படியே பூராவும் என் தலையில வந்து விடிஞ்சிருச்சு. காலையில எழுந்தா எனக்குக் குமட்டுது. மாங்காயும் இறால் விழுதும் கேக்குது. இவ என்னடான்னா கல்லு மாதிரி இருக்கா."

"எல்லாத்தையும் இவருக்குக் குடுத்துட்டேன்," என்றாள் எஸ்தெலா. "இந்த மூச்சு முட்டறதை மட்டும் வாங்கிக்க மாட்டேங்கறார்."

"அது உன் தொழில் சமாச்சாரம். நான் தலையிடக் கூடாது."

மூன்று பேரும் சிரித்தார்கள். எஸ்தெலா தான் பாதி கடித்த ரொட்டியை நார்சிசோ பக்கம் நகர்த்தினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயோ, வேண்டாம். பிள்ளைத்தாச்சி கடிச்சதைத் தின்னா நாள் பூரா தூக்கம் வரும். எனக்கு மூணு மணிக்கு வகுப்பு இருக்கு."

ரூபென் இறங்கிப் போன பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார். "எஸ்தெலா, ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன். பியான்காவும் இந்த உருப்படியைக் கத்து வச்சுக்கிட்டா என்ன? உன் மாணவிதானே. ஒரு பாதுகாப்புக்கு."

"கத்துக்கட்டும்," என்றாள். "ஆனா கச்சேரிக்கு முன்னாடி இன்னும் ஒரு வாரம் இருக்கு, குயா."

அவர் போனதும் அவள் ஜன்னலருகே நின்றாள். தெருவில் ஜீப்னி வண்டி ஒன்று பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பியான்காவின் நுரையீரலுக்கு இருபத்திரண்டு வயது. அவளால் அந்த வரியை அனாயாசமாக வாசிக்க முடியும். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? சொல்லிக் கொடுத்தவள் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷமும் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதற்கு எஸ்தெலா பெயர் வைக்கவில்லை.

அவளிடம் இருந்த ஒரே சொத்து மூச்சுதான். புலாகானில், அவள் ஊர் பேண்டில், சிறு குழல் வாசிக்க ஆள் குறைந்தபோது ஒன்பது வயதில் அவளை வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடித்து நிற்பாள் என்று டிரம்பெட் அண்ணன்கள் குளிர்பானம் பந்தயம் கட்டுவார்கள். அவள் மேல் கட்டியவன் தோற்றதே இல்லை. மணிலாவில் படிக்க வந்தபோது மற்ற பெண்களிடம் நல்ல குழல் இருந்தது, மெழுகு போன்ற நாதம் இருந்தது, பரிசுகள் இருந்தன. இவளிடம் மூச்சு இருந்தது. அதை வைத்தே ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் பிடித்தாள், புதுமாதிரியான இசை எழுதுகிறவர்கள் தேடி வரும்படி ஆனாள். ஒரு கல்யாணத்தில், மணப்பெண் தேவாலய வாசலிலிருந்து பலிபீடம் வந்து சேரும்வரை ஒரே சுரத்தை அவள் அறுபடாமல் இழுத்ததைக் கேட்டுத்தான் நார்சிசோ, அவள் இப்போது பழகிக்கொண்டிருக்கும் இந்த 'இழை'யை எழுதத் தொடங்கினார்.

நார்சிசோ இலோகோஸ்காரர். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர். 'இழை'யின் கடைசி வரி ஒரு நூல் மாதிரி முடிச்சே இல்லாமல் போகவேண்டும் என்பார். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் இழுக்கும் வித்தை அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வரி அவ்வளவு மெல்லியது, கன்னம் அசைந்தாலே சுரம் நடுங்கிவிடும். அவள் நுரையீரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. மற்ற சட்டைகளை எல்லாம் இந்த எட்டாம் மாதத்தில் பிரித்து இடுப்பைத் தளர்த்தியாயிற்று. இதை எங்கே பிரிப்பது?

உன்மேல் கோபமில்லை, என்று வயிற்றைத் தடவினாள். பிறகு, கொஞ்சம் இருக்கிறது, என்று தனக்குள் ஒப்புக்கொண்டாள். எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. வந்ததும் நேராக அம்மாவின் ஒரே அலமாரிக்குள் குடியேறியிருக்கிறது. நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

புதன்கிழமை டோக்டோரா பசிதாவின் பாடம். பல் டாக்டர், அறுபதை நெருங்குகிறவர். போன வருடம் ஒரு நாள் ரொட்டி வாங்க வந்தவர், மேலிருந்து வந்த குழலோசையைக் கேட்டுப் படியேறி மாணவியாகச் சேர்ந்துவிட்டார். அவர் வாசிப்பில் எஸ்தெலாவைப் படுத்தியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு அடிக்கு ஒருமுறை, கடலுக்குள்ளிருந்து தலை நீட்டியவர் மாதிரி, 'ஹ்ஹா' என்று மூச்சு வாங்குவார்.

"டோக்டோரா, மறுபடியும் கேக்குது."

"என்ன மேம் கேக்குது?"

"மூச்சு. அது வெளியே கேக்கக் கூடாது. கேக்கறவங்களுக்குத் தெரியாம திருடணும்."

"ஏன் மேம் திருடணும்? காத்து யாரு சொத்து?" பசிதா குழலை முழங்காலில் வைத்துக்கொண்டார். "என் நாற்காலியில வந்து உக்கார்றவங்க எல்லாருமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவாங்க. மூச்சு விடுங்க, மூச்சு விடுங்கன்னு நாள் பூரா கத்தறேன். விட்டாத்தான் என்னால வேலை செய்ய முடியும். இங்க வந்தா நீங்க பிடின்னு சொல்றீங்க. நான் எங்க போவேன்?"

"சரி, வாசிங்க."

பசிதா வாசித்தார். மேல் சுரத்துக்கு ஏறும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, தோள் உயர, ஒரு பெரிய மூச்சு இழுத்தார்.

கீழேயிருந்து ரூபெனின் குரல் வந்தது. "டோக்டோரா! கொஞ்சம் ஜன்னலைச் சாத்துங்க! இங்க மாவெல்லாம் பறக்குது!"

பசிதா குழலுக்குள்ளேயே சிரித்துவிட்டார். அது ஒரு நாய்க்குட்டி குரைத்தது போலக் கேட்டது. எஸ்தெலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உள்ளே இருந்த பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. பசிதா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் என் கட்சி, மேம்," என்றார்.

அவர் போன பிறகும் எஸ்தெலா உட்கார்ந்தே இருந்தாள். அந்தப் பெரிய மூச்சு வந்த கணத்தில் தன் காது என்ன செய்தது என்று யோசித்தாள். முகம் சுளிக்கவில்லை. முன்னால் சாய்ந்தது. இந்த அம்மாள் என்ன வாசிக்கப் போகிறாள் என்று ஆவலோடு காத்திருந்தது. அந்தச் சத்தத்தில் பசி இருந்தது, தட்டு வரும் முன்னே நாக்கில் ஊறுகிற பசி. அதைத்தான் இத்தனை வருடம் மாணவர்களுக்கு மறைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாளா?

சனிக்கிழமை மாலை கல்லூரியின் சின்ன அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பியான்கா, மடியில் சுரத்தாளோடு, ஆசிரியையைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தாள். பின்னால் நார்சிசோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கச்சேரி முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்க ரூபென் கூடை கூடையாக ரொட்டி கொண்டுவந்திருந்தான். அரங்கம் முழுக்க அந்த வாசனை.

கடைசி வரிவரை எல்லாம் நன்றாக வந்தது. கடைசி வரியும் நன்றாகத்தான் தொடங்கியது. ஒலி மெலிந்து, நீண்டு, தறியில் ஓடியது. பாதி தூரத்தில் அந்தக் கால் மேலே வந்து விலா எலும்பில் ஊன்றிக்கொண்டது.

பிடி, என்றாள் பழைய எஸ்தெலா. குளிர்பானப் பந்தயம் ஜெயித்தவள். இன்னும் கொஞ்சம் இழு. முடியாவிட்டால் ஒரு சொட்டுக் காற்றைத் திருடு, யாருக்கும் தெரியாது. திருடலாம்தான். ஆனால் அந்தச் சொட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு நோயாளி மாதிரிதான் வாசிக்க முடியும்.

எனக்கு மூச்சு வேண்டும், என்று நினைத்தாள். அவ்வளவு எளிமையாக. உனக்கும் வேண்டும்.

குழலை உதட்டிலிருந்து எடுக்காமல் வாயைத் திறந்தாள். அவசரப்படாமல், விலா விரிய, ரொட்டி வாசனையோடு அந்த அரங்கத்துக் காற்றை உள்ளே இழுத்தாள். அது கேட்டது. கடைசி வரிசைவரை கேட்டது. இரண்டாம் வரிசையில் யாரோ கூடவே இழுத்தார்கள். பிறகு நாற்காலிகள் லேசாகக் கிறீச்சிட, அரங்கமே ஒருமுறை நிமிர்ந்து மூச்சு வாங்கியது. அடுத்து வந்த சுரம் அவள் ஒத்திகையில் ஒருநாளும் கேட்காத சுரம். அகலமாக, ஈரமாக, எதற்கும் பயப்படாமல் வந்தது. கடைசிவரை போய், தானாக நின்றது.

அந்த அமைதியில் டோக்டோரா பசிதா 'ஹ்ஹா' என்றார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. பிறகு கைதட்டல். பியான்கா அழுதுகொண்டே ஓடிவந்து, கட்டிப்பிடிக்க வழி தெரியாமல் வயிற்றுக்குப் பக்கவாட்டில் நின்று கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் நார்சிசோ மடிக்கணினியோடு படியேறி வந்தார். கச்சேரியின் ஒலிப்பதிவு பிரமாதமாக வந்திருக்கிறது, அதை வெளிநாட்டு இசைவிழா ஒன்றுக்கு அனுப்பப் போகிறார். பேசிக்கொண்டே, கவனமில்லாமல், அவள் கடித்துவிட்டுத் தட்டில் வைத்திருந்த பாதி ரொட்டியை எடுத்துத் தின்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு இடம்," என்றார். "உனக்குத் தெரியும். அன்னைக்கு நானே கண் கலங்கிட்டேன், பொய் சொல்லல. ஆனா அங்க கேக்கப் போறவங்களுக்கு நீ யாருன்னு தெரியாது, உன் நிலைமை தெரியாது. அந்த மூச்சை எடுத்துட்டு ரெண்டு துண்டையும் ஒட்டிடலாம், ஒட்டினதே தெரியாதுன்னு ஒலிப்பதிவுக்காரர் சொல்றார். நான் எழுதின மாதிரியே முடிச்சு இல்லாம வந்துரும். நீ சரின்னு சொன்னாப் போதும்."

அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நூல் ஓடியது. பிறகு அந்த மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே நாற்காலிகளின் சத்தம், எத்தனையோ பேர் காற்றை இழுக்கும் சத்தம். அவளுக்கு வயிற்றில் லேசாக ஒரு உதை விழுந்தது. அதில் பாதி எனக்குச் சொந்தமே இல்லை, குயா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை வெட்டி எடுக்கச் சொல்ல எனக்கென்ன உரிமை?

ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாக அவர் கையில் வைத்தாள்.

"வேண்டாம், குயா," என்றாள். "அது இருக்கட்டும்."