ஊருக்குச் சொல்ல வேண்டிய பதில்

வாக்கெடுப்பில் மார்னி குலாஸ் தப்பான பக்கத்துக்குக் கை தூக்கினாள். கை மேலே போன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடத்தை முன்கூட்டியே ஊட்டிவிடுகிற வகுப்பு அது. ஏ.பி. அமெரிக்க வரலாறு என்று பெயர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் லவோய் டீச்சர் அந்த அறையை 1788ஆம் வருஷத்து பாஸ்டன் மாநாடாக மாற்றிவிடுவார். புதிதாக எழுதப்பட்ட அரசியல் சட்டத்தை மாசசூசெட்ஸ் ஏற்பதா, வேண்டாமா என்பதுதான் வழக்கு. ஆளுக்கொரு அட்டை. அதில் டீச்சரே கற்பனையாக எழுதிய ஒரு பேர், ஒரு ஊர், அந்த ஊர் சொல்லி அனுப்பிய கட்டளை. மார்னிக்குக் கிடைத்தவர் எஸ்ரா பாம்ஃப்ரெட் என்ற மலையூர் விவசாயி. 'வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா' என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவளும் அரை மணி நேரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் ஒரு வெறியோடு.

வெறியைக் கிளப்பியவன் பல் டாக்டர் மகன் கிரான்ட் எல்லரி. அன்றைக்கு அவன் பாஸ்டன் கப்பல் முதலாளி. அந்த வேஷம் போட அவன் பெரிதாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

"மலை மேல இருக்கறவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றான். "போன வருஷம் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு, கடனுக்கு நிலத்தைப் பிடுங்குதுன்னு கோர்ட்டை மூட வந்தவங்கதானே நீங்க? உங்ககிட்ட நாட்டைக் குடுத்தா விளங்கிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்னிக்குக் காது சூடேறியது.

"துப்பாக்கிய எடுக்கறதுக்கு முன்னாடி மனு மனுவா எழுதினோமே, அதைப் படிச்சீங்களாய்யா? படிச்சிருந்தா துப்பாக்கி எதுக்கு வெளிய வருது? பக்கத்துல இருக்கற பாஸ்டனுக்கே எங்க குரல் கேக்கல. இப்ப இன்னும் தூரத்துல ஒரு அரசாங்கம் கட்டுறேங்கறீங்க. எங்க வாயப் பொத்த மாட்டோம்னு இந்தக் காகிதத்துல எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பார்ப்போம்!"

கிரான்ட் காகிதத்தைப் புரட்டினான். அவனால் காட்ட முடியவில்லை.

பேசி முடித்து உட்கார்ந்தபோதுதான் மார்னிக்கு ஒன்று உறைத்தது. போன வாரம் பழைய ஆவணங்களை வைத்து எழுதச் சொன்ன கட்டுரையில் அவளுக்கு ஏழுக்கு இரண்டு மதிப்பெண். ஒவ்வோர் ஆவணத்திலும் என்ன சொல்லியிருக்கிறது என்று பாவம், வரி வரியாகச் சுருக்கி எழுதிவைத்திருந்தாள். அதை யார், யாரிடம், எந்த வயிற்றெரிச்சலில் சொன்னார்கள் என்று கேட்கவேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இப்போது அந்த மனு எழுதியவர்களெல்லாம் அவளுக்கு முகம் தெரிந்த மனிதர்களாகிவிட்டார்கள். அவர்களுக்காக அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அப்புறம் ஐனஸ் சோலிஸ் எழுந்தாள். அவள் குரலே உயர்த்தாத பெண். "மார்னி கேட்டது நியாயம்," என்றாள். "அதனால இப்ப ஒத்துக்குவோம். ஆனா கூடவே, இன்னின்ன திருத்தம் வேணும்னு எழுதி அனுப்புவோம். வெளிய நின்னு கத்தறதைவிட உள்ள போய்க் கேக்கலாமே?"

இதற்கு மறுப்பு தேடினாள் மார்னி. கிடைத்த மறுப்புகள் எதிலும் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் டீச்சர் வாக்கெடுப்பு என்றார்.

"மனசு மாத்திக்கறது தப்பே இல்ல," என்றார் டீச்சர், விசில் அடங்கியதும். "ஆனா கட்டளைய மீறினவங்க ஊருக்குத் திரும்பிப் போய்ப் பதில் சொல்லணும். நாளைக்கு இந்த வகுப்புதான் உங்க ஊர். பாம்ஃப்ரெட் ஐயா, பார்த்து வாங்க, கோபமா இருப்பாங்க."

மணி அடித்தது. மார்னி மட்டும் எழுந்திருக்கவில்லை. பாம்ஃப்ரெட் ஐயா நாளைக்கு வரப்போவதில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாடத்தை மாற்றிக்கொள்ள நாளைதான் கடைசி நாள். அவள் இந்த வகுப்பை விட்டுவிட்டுச் சாதாரண வரலாற்று வகுப்புக்குப் போவதென்று போன ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் தீர்மானமாகிவிட்டது.

தீர்மானம் என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஊரே பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, சாலை முதல் சம்பளம் வரை கை தூக்கி முடிவு செய்யும். அந்த ஊர்க்கூட்டத்தின் தலைவர் மார்னியின் அப்பா ஸ்டான் குலாஸ். மாட்டுப் பண்ணைக்காரர். கூட்டம் நடத்துகிற பழக்கம் அவரோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டு மேஜையில், மிளகு அரைக்கும் மரக்குடுவையைச் சுத்தியலாகத் தட்டி, நாய் வாங்குவது முதல் வராந்தாவுக்கு என்ன வர்ணம் என்பது வரை எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடுவார். தலைவர் பேசமாட்டார், ஓட்டும் போடமாட்டார். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும்தான் அவர் கை எழும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கைக்கு வேலையே இருக்கவில்லை. பண்ணை ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். அண்ணன் வெஸ் மாலையில் எலக்ட்ரீஷியன் பயிற்சிக்குப் போகிறான். சாயங்காலக் கறவைக்கு மார்னி வேண்டும், அவளோ புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். போதாக்குறைக்கு ஏழுக்கு இரண்டு வேறு. அழுது வீங்கின கண்ணோடு அவளே முதலில் கை தூக்கினாள். அம்மா, வெஸ், டெட் சித்தப்பா எல்லோரும் பின்னாலேயே தூக்கினார்கள்.

இன்றைக்குக் கறவை முடிந்து மேஜையில் கோழி ரோஸ்ட் வந்து உட்கார்ந்ததும் மார்னி எழுந்து நின்றாள்.

"தலைவர் அவர்களே."

"உக்காந்து சாப்பிடு தாயி, ஆறிடப் போவுது," என்றார் டெட் சித்தப்பா. அவர் அப்பாவின் தம்பி. கல்யாணமாகாதவர், சாப்பாட்டு விஷயத்தில் யார் குறுக்கிட்டாலும் பிடிக்காது.

"ஞாயித்துக்கிழமை எடுத்த முடிவை மறுபடி எடுத்துக்கணும்னு கேக்கறேன்."

வெஸ் முள்கரண்டியைக் கீழே போட்டான். "அதான் முடிஞ்சு போச்சே! தோத்தவங்க தினமும் எந்திரிச்சு நின்னா இந்த வீட்ல மனுஷன் நிம்மதியா சாப்பிட முடியுமா?"

"நான் எங்கண்ணே தோத்தேன்? உன்கூடத்தானே கை தூக்கினேன். ஜெயிச்ச பக்கம் இருந்தவங்க மறுபடி கேக்கலாம். அதானேப்பா சட்டம்?"

சட்டம் அதுதான். தோற்றவர்கள் ஓயாமல் நச்சரிக்கக்கூடாது என்பதற்காக உள்ள விதி. அப்பா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்கவேண்டும், மீசையைத் துடைத்துக்கொண்டார். "கேக்க உரிமை இருக்கு," என்றார். "வழிமொழியறவங்க?"

"நான்," என்றாள் அம்மா, கோழியை வெட்டுவதை நிறுத்தாமல்.

மார்னி சொன்னாள். பாம்ஃப்ரெட்டைப் பற்றி, மனுக்களைப் பற்றி, தன் கை தானாக மேலே போனதைப் பற்றி. கறவைக்கு ஒரு நாளும் மட்டம் போடமாட்டேன், காலையில் எழுந்து படித்துக்கொள்கிறேன் என்றாள்.

"ரெண்டு மார்க் வாங்கின பாடத்துக்கு இவ்வளவு அலப்பறையா?" என்றான் வெஸ்.

"அந்த ரெண்டு ஏன் வந்துச்சுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுடுச்சு. அடுத்த தடவை மூணாச்சும் வாங்குவேன்."

"அடேயப்பா, மூணு!" என்றார் சித்தப்பா.

அம்மாவே சிரித்துவிட்டாள். ஆனால் ஓட்டு என்று வந்தபோது மார்னியும் அம்மாவும் ஒரு பக்கம், வெஸ்ஸும் சித்தப்பாவும் மறுபக்கம். சமம். தலைவர் கை தூக்காமல் இருந்தால் போதும், மார்னியின் கோரிக்கை அப்படியே செத்துவிடும்.

அப்பா கை தூக்கவில்லை. மரக்குடுவையை அம்மா பக்கம் நகர்த்தினார். "இதைக் கொஞ்சம் பிடி டோனா. நான் பேசணும்."

தலைவர் பேசவேண்டுமென்றால் இடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசவேண்டும். அந்த வீட்டில் அவர் இதுவரை அப்படிச் செய்ததில்லை. சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார். அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மற்றவர்களைப் போல எழுந்து நின்றார்.

"கறவை ஒரு காரணமே இல்ல," என்றார். "ஆள் பிடிச்சுக்கலாம். இந்தப் பாடம் படிச்ச பிள்ளைங்க ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்த்தேன். ஒண்ணுகூட இந்த ஊர்ல இல்ல. எல்லாம் பாஸ்டன், சிகாகோன்னு போயிடுச்சுங்க. ஞாயித்துக்கிழமை நீயே வேண்டாம்னு கை தூக்கினப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா. அழுத கண்ணோட நிக்கற பிள்ளையப் பார்த்து அப்பாடான்னு இருந்துச்சு. அதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட மார்னிக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் முகம் அந்த இடத்திலேயே மலர்ந்திருக்கும். ஆனால் அது அவளுக்கே தெரியாத விஷயம். அப்பாவிடம் பொய் சொல்லி வாங்கிய ஓட்டோடு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வகுப்பில் நிற்பது?

"வருவேனான்னு தெரியலப்பா," என்றாள். "இங்கேயே இருப்பேனோ என்னவோ. ஆனா மனசு மாறினா ஓடிப்போக மாட்டேன். உங்க முன்னாடி வந்து நின்னு ஏன்னு சொல்லுவேன். இப்ப நிக்கறேன்ல, அப்படி."

அப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மலைக்காரன்," என்றார் கடைசியில். "ஊருக்குத் திரும்பிப் போனானே. உள்ள விட்டாங்களா?"

"நாளைக்குத்தாம்ப்பா தெரியும்."

அம்மா குடுவையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். "உறுப்பினர் ஸ்டான் குலாஸ் ஓட்டுப் போடறாரா, இல்லையா?"

டிராக்டர் கவிழ்ந்த வருஷத்திலிருந்து அப்பாவின் வலது தோள் பாதிக்கு மேல் எழாது. பால் பாத்திரம் தூக்குவதற்கே இடது கைதான். ஆனால் இப்போது அவர் வலது கையைத்தான் தூக்கினார். அது மார்பைத் தாண்டி, தாடையருகே வந்து நின்றுகொண்டு, அதற்கு மேலும் போகப் பார்த்தது. அது போதும், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அம்மா எண்ணுவதற்கு அவசரப்படவில்லை. அப்பாவும் கையை இறக்கவில்லை.